லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா, மினி பிசியா? ஸ்டிக்கருக்கு உள்ளே பார்ப்போம்

லேப்டாப் ஒன்று, டெஸ்க்டாப் ஒன்று. இரண்டிலும் கிராஃபிக்ஸ் கார்டின் பெயராக 'ஆர்டிஎக்ஸ் 4070' என்றுதான் ஒட்டியிருக்கிறது. ஆனால் டெஸ்க்டாப் கார்டில் 5888 கோர் (கணக்கிடும் சிறு அலகுகள்), 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப்பில் 4608 கோர், 8 ஜிபி. அதற்கு எத்தனை வாட் தருவது என்பது லேப்டாப் தயாரிப்பவரின் விருப்பம். 35 முதல் 115 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒல்லி உடம்புக்குள் 60 வாட்டில் மூச்சு வாங்கும் 4070, தடித்த மாடலில் முழு வாட்டில் ஓடும், அதைவிடச் சிறிய கார்டான 4060-இடம் தோற்றுப்போகலாம். கேமிங் லேப்டாப் பார்ப்பவர்கள் விவரப் பட்டியலில் 'டிஜிபி' என்ற எண்ணை, அதாவது கிராஃபிக்ஸுக்குத் தரப்படும் வாட் அளவைத் தேடுங்கள். அதை எழுதாமல் விட்டிருந்தால் சந்தேகப்படலாம், தப்பில்லை.

பிராசஸரிலும் இதே கதைதான். இன்டெல் ஐ7-1355யு-வில் வேகமான கோர் 2, சிக்கன கோர் 8. அடிப்படை மின்சாரம் 15 வாட். ஐ5-13500ஹெச்-இல் வேகமான கோர் 4, சிக்கன கோர் 8, 45 வாட். ஐ7 பெரியது என்று நம்பி முதலாவதை வாங்கி வீடியோ எடிட்டிங்கில் உட்கார்ந்தால், எக்ஸ்போர்ட் முடிவதற்குள் பொறுமை போய்விடும். அதே ஐ7, கணக்கு வழக்கு, பிரவுசர், வீடியோ கால் போன்றவற்றுக்குப் போதும். சூடு குறைவு, சார்ஜும் நின்று பேசும். பெயரின் கடைசி எழுத்துதான் இங்கே முக்கியம்: யு என்றால் மின்சிக்கனம், ஹெச் என்றால் வேகம்.

தினமும் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு லேப்டாப்பை விட்டால் வழியில்லை. மேஜையை விட்டு நகராத லேப்டாப் மட்டும் வீண் செலவு. அந்த இடத்தில் டெஸ்க்டாப் அதே பணத்துக்குக் கூடுதல் வேகம் தரும், சத்தம் குறைவாக இருக்கும், பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். ஏஎம்டி பிராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டு என்றால் ரைசன் 7000-இல் தொடங்கி, பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 9000 வரிசைக்குப் போகலாம். மின்வெட்டு உள்ள இடத்தில் யுபிஎஸ் செலவையும் டெஸ்க்டாப் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அசெம்பிள் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பவர் சப்ளையில் மிச்சம் பிடிப்பது. 4060 கார்டுக்கு 550 வாட், 4070-க்கு 650 வாட் என்பது என்விடியாவே சொல்லும் அளவு. பெயர் தெரியாத கம்பெனியின் '600 வாட்' பெட்டியை நம்பினால் கேம் பாதியில் கம்ப்யூட்டர் அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். இரண்டாவது, 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர். இதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் மானிட்டரில் கறுப்புதான். மூன்றாவது சிரிப்பு வரவழைக்கும், ஆனால் நிறைய நடக்கும்: கார்டு வாங்கிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவது. கார்டு சும்மா கிடக்க, கேம் திணறும்.

மினி பிசி என்பது திரையும் பேட்டரியும் இல்லாத லேப்டாப் என்று வைத்துக்கொள்ளலாம். மானிட்டருக்குப் பின்னால் திருகி மாட்டிவிட்டால் இடமே அடைக்காது. அலுவலக வேலை, படிப்பு, ஓரளவு புரோகிராமிங் எல்லாம் தாங்கும். இந்தப் பயனுக்கு இதைப் பலர் யோசிப்பதே இல்லை என்பது ஆச்சரியம். மணிக்கணக்கில் முழு லோடு கொடுத்தால் மட்டும் சின்ன ஃபேன் கீச்சிடும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு உள்ளே இடமில்லை.

ஆல் இன் ஒன்? பெரும்பாலும் லேப்டாப் பாகங்களைத் திரைக்குப் பின்னால் ஒட்டிய பெட்டி. பேனல் போனால் மொத்தமும் முடங்கும். அழகுக்காக வாங்கலாம், வேறு காரணம் தெரியவில்லை.

எதை எடுத்தாலும் ரேமில்தான் பின்னாளில் வருத்தம் வரும். இன்றைக்கு 16 ஜிபி-க்குக் கீழே இறங்க வேண்டாம். வீடியோ எடிட்டிங், வர்ச்சுவல் மெஷின் என்றால் 32. எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸும் இந்த ரேமைத்தான் பங்கு போடுகிறது. ஒற்றை 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகளில் தரவு போகும் பாதை இரட்டிப்பாகும், கேம் வேகம் நன்றாகவே தெரியும். கையில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் இதைப் பார்க்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்' வரியில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. வாங்கும்போது இருந்ததுதான் கடைசிவரை. மேக்புக் ஆப்பிள் சிலிக்கானுக்கு மாறியதிலிருந்து எல்லாமே இந்த ரகம்.

ஸ்டோரேஜில் 'எம்.2' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள், அது வெறும் வடிவம். அதற்குள் சாட்டா என்ற பழைய இணைப்பு இருந்தால் நொடிக்கு சுமார் 550 எம்பி, வேகமான என்விஎம்இ இணைப்பின் மூன்றாம் தலைமுறை என்றால் 3500 வரை. 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான மலிவு ஸ்டோரேஜ்) வைத்த மலிவு லேப்டாப்பை ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் போதாமல் தவிக்கும்.

பழையது வாங்குபவர்களுக்கு ஒரு கோடு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ரைசன் என்றால் 2000 வரிசை முதல். ஏழாம் தலைமுறை ஐ7 எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் லினக்ஸ் போடத் தயார் என்றால் மட்டும் எடுங்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி ரிப்போர்ட்டையும் (விண்டோஸ் தரும் பேட்டரி நிலை அறிக்கை) கேளுங்கள். டிசைன் கெப்பாசிட்டி 50,000 மில்லிவாட் ஹவர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 30,000 என்று வந்தால் 60 சதவீதம்தான் மிச்சம். புது பேட்டரி விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.