அல்சூரில் தனியாக ஓர் அம்மா: எந்த ஏற்பாடு கைகொடுக்கிறது?

2022 செப்டம்பர் முதல் வாரம். பெல்லந்தூரில் எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. ஐ.டி. ஆட்களை டிராக்டரில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுபோன படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு டிராக்டரில் லேப்டாப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். அப்போது போன் அடித்தது. அம்மா. "அங்க கரண்ட் இருக்கா? ஏதாவது சாப்ட்டியா?"

அம்மாவுக்கு அப்போது 76 வயது. அப்பா போனபிறகு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்து வீட்டில் தனியாக இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பெங்களூரிலேயே இருக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். அன்றைக்கு அது சென்னை தூரத்தைவிட அதிகம்.

"மாசாமாசம் பணம் கட்டி, வயசானவங்களைப் பாத்துக்கற ஒரு கம்பெனியில போட்டிருக்கேன், பயமில்லை" என்றும் சொல்லி வைத்திருந்தேன். அவர்களைக் கூப்பிட்டேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று செயலியில் வந்தது. அம்மாவைப் பார்க்க வரும் பெண் வர்த்தூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் என்னைப் போலவே தண்ணீருக்குள் மாட்டியிருந்தாள். அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

வயதான பெற்றோருக்கு எந்த ஏற்பாடு நல்லது என்று என் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கொரோனாவிலிருந்து இன்றுவரை நான் முயன்று பார்த்தவற்றை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உதவி எண்கள். பெங்களூரில் முதியோருக்கு 1090 உண்டு. மாநகரப் போலீசும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட்டும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது. அப்புறம் மத்திய அரசின் எல்டர்லைன், 14567. இது 2021-ல் நாடு முழுக்க வந்தது. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இரவில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவருக்கு இவற்றால் பயனில்லை, அதற்கு 112 அல்லது 108. இது தெரியாமல் இந்த எண்களைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் திட்டினேன்.

அவற்றின் அருமை வேறு ஒரு விஷயத்தில் தெரிந்தது. அம்மாவின் கோயில் சிநேகிதி ஒருவர். "கடைசிவரைக்கும் வெச்சுக் காப்பாத்தறேன்" என்று மகன் பத்திரத்தில் எழுதி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். ஆறே மாதத்தில் அந்த அம்மாளின் கட்டில் வராண்டாவுக்கு வந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மகனும் எல்லோருக்கும் வேண்டியவன், பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் நின்று வசூல் செய்கிறவன். கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் "குடும்ப விஷயத்தில் தலையிடுவதில்லை" என்பார்கள், அதுவும் நியாயம்தான். உதவி எண்ணில் பேசியபோதுதான் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காமல் விட்டால் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அது 23-ஆம் பிரிவு. கர்நாடகத்தில் வருவாய்த் துறை உதவி ஆணையர் முன்பு மனு. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகைக்கும் உத்தரவு வாங்கலாம். மனு போடப்போகிறார் என்று காதில் விழுந்த மறுவாரமே கட்டில் உள்ளே போனது. மனு கடைசிவரை போடப்படவில்லை.

ஆக, கஷ்டத்தைக் கொடுப்பது சொந்த வீட்டு ஆளாக இருந்தால், நம்மை யாரென்றே தெரியாத, நம் தெருவில் யாருக்கும் கடன்படாத ஒரு குரல்தான் வேண்டும். அதற்கு இந்த இரண்டு எண்களுக்கும் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது காசு கட்டும் சேவை. பெங்களூரில் இப்போது இது ஒரு பெரிய வியாபாரம். வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஆள் வரும், பிபி, சுகர் பார்க்கும், மருந்து வாங்கித் தரும், ஆஸ்பத்திரிக்குக் கூட வரும், பிள்ளைகளுக்குச் செயலியில் போட்டோ அனுப்பும். அந்த போட்டோ அம்மாவுக்காக எடுக்கப்படுவதில்லை, எனக்காக. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மீட்டிங்குக்குப் போவேன்.

குறை: ஒரு வருஷத்தில் மூன்று பெண்கள் மாறினார்கள். ஒவ்வொருத்தியிடமும் அம்மா தன் சர்க்கரைக் கதையைப் பிள்ளையார் சுழியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது பெண்ணிடம், "எல்லாம் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கும், பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது இவர்களைப்போல் யாரும் செய்திருக்க முடியாது. நாள் குறித்ததும் கார் வந்தது, ஃபாரம் நிரப்பினார்கள், கூடவே உட்கார்ந்தார்கள், சொட்டு மருந்துக்கு மணி பார்த்து வந்தார்கள். நான் லீவு போட்டிருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கமாட்டேன். இன்னொன்று, எனக்கு முதலில் புரியாதது: அம்மாவுக்கு எதிர்வீட்டுக்காரரைவிடக் காசு வாங்கும் பெண் சௌகரியம். "வயித்துக்குப் போச்சா போகலையான்னு தெரு பூரா தெரியணுமா? இவகிட்ட சொன்னா இவளோட முடிஞ்சது" என்பார். உடம்பு விஷயத்தில் வயதானவர்களுக்கும் வெட்கம் உண்டு, மானம் உண்டு. அதைக் காசு கொடுத்துத்தான் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்றால் கொடுக்கலாம், தப்பில்லை.

பகல்நேர மையத்தையும் பார்த்தோம். நல்ல இடம், யோகா, பாட்டு, மதியச் சாப்பாடு. அம்மா இரண்டு நாள் போனார். "எல்லாம் கிழவிங்களா இருக்காங்க" என்று மூன்றாம் நாள் நின்றுவிட்டார். தினமும் ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் இருக்கிற வீட்டுக்கு, முக்கியமாக மறதி நோய் உள்ளவர்களின் குடும்பத்துக்கு, அது பெரிய ஆறுதல். எங்களுக்குப் பொருந்தவில்லை. கோயம்புத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்பு வாங்கிக்கொள்ளலாமே என்று சித்தப்பா சொன்னார். பெங்களூர்த் தமிழர்கள் நிறையப்பேர் அந்த யோசனையில் இருக்கிறார்கள். அம்மா பதிலே சொல்லவில்லை, எழுந்து போய் குக்கரை இறக்கினார்.

இப்போது தெருவுக்கு வருகிறேன். இதைச் சேவை என்று சொன்னால் அந்தத் தெருக்காரர்களே சிரிப்பார்கள்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார்கள். (அந்த மாதம்தான் ரயிலில் மூத்தோருக்கான சலுகையையும் எடுத்தார்கள். பெண்களுக்குப் பாதிக் கட்டணமாக இருந்தது. அம்மா இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.) எனக்குப் பாஸ் கிடைக்கவில்லை. மருந்துக்கடைப் பையன் மாத்திரைப் பையை கிரில் கேட்டில் மாட்டிவிட்டு மணி அடித்துப் போனான். பால்காரர் கணக்கு நோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பூக்காரம்மாவுக்குத் தொழிலே இல்லை. வராத பூவுக்கு அம்மா மாதக் காசைக் கொடுத்தார். அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தபோது கோவின் தளத்தில் இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாடிவீட்டுப் பையன் இரவெல்லாம் உட்கார்ந்து அம்மாவுக்கும் இன்னும் நாலு பாட்டிகளுக்கும் பதிவு செய்தான். அவன் எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டபோது அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். இப்படியெல்லாம் கணக்கு நேராகும் என்று அப்போது யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி ஊரே தண்ணீருக்குத் திண்டாடியது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. கம்பெனிக்காரர்கள் டேங்கர் ஏற்பாடு செய்து தர முயற்சி செய்தார்கள். முழு டேங்கர் தண்ணீரை ஒற்றை ஆள் வீட்டில் எங்கே கொட்டுவது? தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு லோடு வாங்கினார்கள். பத்துக் குடம் அம்மாவின் பங்கு, தூக்கிவந்தது அதே மாடிவீட்டுப் பையன்.

அதாவது, அம்மாவுக்கு மட்டும் வந்த கஷ்டத்தில் காசு கட்டிய சேவை ஜெயித்தது. ஊருக்கே வந்த கஷ்டத்தில் தெரு ஜெயித்தது. ஊர்க் கஷ்டத்தில் தூரத்திலிருந்து வருகிறவனும் மாட்டிக்கொள்கிறான், மகள் உட்பட.

தெருவுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு 'நிலைமை சரியில்லை' என்றால் காவிரி என்றும் ஓர் அர்த்தம் உண்டு. 1991 டிசம்பர்க் கலவரத்தை அம்மா பார்த்தவர். 2016 செப்டம்பர் 12-ல் மறுபடி தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன, ஊரில் பல இடங்களில் ஊரடங்கு. மறுநாள் விடியற்காலையில் எதிர்வீட்டு ஆண்ட்டி, தும்கூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் கேட்டில் கிடந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பத்து மணிக்குக் கொல்லைப்பக்கமாக வந்து, "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கேட்டுவிட்டுப் பேப்பரை மேஜைமேல் வைத்தாராம். ஒரு வாரம் இப்படி. எந்த கம்பெனியின் சேவைப் பட்டியலிலும் இது கிடையாது, கேட்டால் புரியவும் புரியாது.

அதே ஆண்ட்டிதான் போன வருஷம் காப்பாற்றினார். அம்மாவுக்கு வீடியோ கால் வந்திருக்கிறது. போலீஸ் உடை, பின்னால் கொடி, உங்கள் ஆதாரில் வந்த பார்சலில் போதைப்பொருள், டிஜிட்டல் அரெஸ்ட், போனை வைத்தால் ஜெயில். முக்கால் மணி நேரம் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதவி எண்கள் அத்தனையும் காலண்டரில் கொட்டை எழுத்தில் இருந்தன. அவற்றைக் கூப்பிட வேண்டிய போன்தானே திருடன் கையில் இருந்தது! முந்தின நாள் அம்மா கொடுத்த வத்தக்குழம்புப் பாத்திரத்தை, வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று இரண்டு எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டு ஆண்ட்டி வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார். அப்புறம் நான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசினேன். பணம் போகவில்லை.

கோயிலையும் இந்தப் பக்கம்தான் சேர்க்க வேண்டும். சோமேஸ்வரர் கோயில் பிரதோஷத்துக்கு அம்மா வரவில்லை என்றால் இரவுக்குள் மூன்று போன் வரும். தமிழ்ச் சங்கம் நடந்துபோகும் தூரம். அம்மா அங்கே போவது பேச்சுக் கேட்க, புத்தகம் பார்க்க. முதியோர் பராமரிப்பு அதன் வேலையும் இல்லை.

தெருவை ரொம்பத் தூக்கிப் பேசுகிறேனோ? அந்தக் கட்டில் வராண்டாவில் கிடந்ததும் இதே தெருவில்தான். தெருவுக்கு ரசீது கிடையாது, புகார் கொடுக்க ஆள் கிடையாது. புதிதாகக் கட்டின முப்பது மாடி அடுக்ககத்தில் இருக்கும் பெற்றோருக்கு இப்படி ஒரு தெருவைச் சந்தா கட்டி வாங்கவும் முடியாது. அங்கே லிப்டில் மூன்று வருஷம் சிரித்தால்தான் ஒரு எதிர்வீடு கிடைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் முதலில் காசு கட்டும் சேவையையே சொல்வேன். கூடவே அதே மாடியில் ஒரு வீட்டில் சாவியைக் கொடுத்து வைக்கச் சொல்வேன்.

எங்கள் இப்போதைய ஏற்பாடு: வாராந்திர வருகையை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரி நாட்களுக்கு மட்டும் கம்பெனி. காலண்டரில் 1090, 14567, 112, 1930. நவம்பர் மாத லைஃப் சர்டிபிகேட்டுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வருகிறார், 70 ரூபாய். வீட்டுச் சாவி மூன்று. என்னிடம் ஒன்று, ஆண்ட்டியிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று.

அம்மாவின் சமையலறை ஆணியில் இப்போது நாலாவதாக ஒன்று தொங்குகிறது. ஆண்ட்டியின் மகன் கனடா போய்விட்டான், அது அவர்கள் வீட்டுச் சாவி. ஆண்ட்டிக்கும் கண்ணில் புரையாம். ஆபரேஷனுக்கு நம்ம கம்பெனிப் பெண்ணையே கூட அனுப்ப முடியுமா என்று அம்மா கேட்கிறார். ஒரு சந்தாவில் இன்னொரு வீட்டைச் சேர்க்க முடியாது என்கிறார்கள். மேலிடத்தில் பேசிவிட்டு வியாழக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.