ரிப்பேர் கடைக்குள் ஒரு சர்க்கிட் வகுப்பு: நான்கு மாதம் போய் வந்த அனுபவம்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மின் சர்க்கிட் பாடத்துக்கு டியூஷன் இருக்கிறதா என்று இதுவரை ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இருக்கிறது. ஆனால் அது பெயர்ப் பலகை வைத்த டியூஷன் சென்டர் இல்லை. மின்விசிறி, ரைஸ் குக்கர், கோயில் மைக் செட் எல்லாம் பழுது பார்க்கும் கடை. சனிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கடைக்கார ஐயா ஷட்டரைப் பாதி இறக்குவார். மேசை மேல் கிடக்கும் விசிறிகளை ஓரம் கட்டுவார். வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்து வைப்பார். அவ்வளவுதான், வகுப்பு ஆரம்பம். மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்), நான்கு சனிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம். பிரெட்போர்டு (ஈயம் வைக்காமல் சர்க்கிட் கட்டும் துளைப் பலகை), ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், வயர் எல்லாம் போட்ட பைக்குத் தனியாக 35 வெள்ளி. மல்டிமீட்டர் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு வயது 41. ஈப்போ பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் 17 வருஷமாக ஆப்பரேட்டர். காலை 5.40க்கு பேக்டரி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. ரெசிஸ்டர் மேல் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று கோட்டைப் பார்த்தால் 1 கிலோ ஓம் என்று வாய் தானாகச் சொல்லும். சின்ன சிப் ரெசிஸ்டரில் 472 என்று போட்டிருந்தால் 4.7 கிலோ ஓம். ஆயிரக்கணக்கான போர்டுகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் அந்த ரெசிஸ்டர் ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதைத் தெரிந்துகொண்டு டெக்னீஷியன் ஆகவேண்டும் என்றுதான் பகுதி நேர டிப்ளோமாவில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரிலேயே சர்க்கிட் அனாலிசிஸ். கல்லூரியில் ஸ்லைடு ஓடிக்கொண்டே இருக்கும், கேள்வி கேட்க வாய் திறப்பதற்குள் அடுத்த தலைப்பு வந்துவிடும். முதல் டெஸ்டில் 100க்கு 31 வாங்கினேன். பஸ்ஸில் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோது படிப்பை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு விசிறியை ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்தில்தான் ஐயாவின் வெள்ளைப் பலகையைப் பார்த்தேன்.

முதல் நாள் ஐயா பலகையில் எந்தச் சூத்திரமும் எழுதவில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தி போட்டார். மின்னோட்டம், அரூஸ், கரண்ட். மின்னழுத்தம், வோல்தான், வோல்டேஜ். மின்தடை, ரிந்தாஙான், ரெசிஸ்டன்ஸ். “ஒரே ஆளுக்கு மூணு பேரு. இதுல எந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் உங்களுக்கு அதே முகம் ஞாபகம் வரணும்,” என்றார். இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மின்னோட்டம் என்று படித்தோம். இடைநிலைப் பள்ளியில் அதே பாடம் மலாயில் அரூஸ் ஆனது. டிப்ளோமாவில் ஆங்கிலம். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒன்றைப் படிப்பதாகவே நினைத்து, பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். எங்களில் எத்தனை பேர் இப்படி, பாடம் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பெயர் மாற்றத்தில் தடுக்கி விழுந்திருப்போம்! வகுப்பில் எந்தச் சொல்லில் பேசினாலும் ஐயா திருத்தமாட்டார். பரீட்சைத் தாளில் மட்டும் ஆங்கிலத்தில் சரியாக எழுத வைப்பார்.

சர்க்கிட்டில் கரண்டுக்கும் வோல்டேஜுக்கும் கணக்கு வைக்கும் கிர்க்காஃப் விதிகளை அவர் சொல்லித்தரும் விதம் தனி. கிர்க்காஃப் இவற்றை எழுதியது 1845இல், அப்போது அவருக்கு 21 வயது, இன்னும் மாணவர். இதைச் சொல்லிவிட்டு ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலிடெக்னிக் பையனைப் பார்த்து, “உன் வயசுதான்டா தம்பி,” என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். “உங்க அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்கதானேம்மா? மலைக்காட்டு நிரைக்கு ஏறி, எந்த வழியா சுத்தினாலும், பால் ஸ்டோருக்கே திரும்பி வந்தா ஏறினதும் இறங்கினதும் சமமா இருக்கணும். அதான் வோல்டேஜ் விதி.” அதற்குப் பிறகு லூப் (புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்று) போடும்போதெல்லாம் பேட்டரியில் ஏறுகிறேனா, ரெசிஸ்டரில் இறங்குகிறேனா என்று மட்டும் பார்க்கிறேன். பிளஸ் மைனஸ் குழப்பம் முக்கால்வாசி போய்விட்டது.

மீதி கால்வாசியும் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கணக்கு கொடுத்தார். இடப்பக்கம் 12 வோல்ட், வலப்பக்கம் 6 வோல்ட். இரண்டுக்கும் ஆளுக்கொரு 2 கிலோ ஓம், நடுவில் கீழே இறங்கும் கிளையில் 4 கிலோ ஓம். இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் நடுப் புள்ளியை நோக்கி வருவதாக அம்புக்குறி போட்டுக் கணக்குப் பண்ணினேன். நடுப் புள்ளியில் 7.2 வோல்ட் வந்தது. இடப்பக்கக் கரண்ட் 2.4 மில்லி ஆம்பியர். வலப்பக்கம் மைனஸ் 0.6. மைனஸைப் பார்த்ததும் ரப்பரை எடுத்து அழித்தேன். கல்லூரி டெஸ்டிலும் இதைத்தான் செய்தேன், மைனஸ் வந்தால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து, நேரம் முடியும்வரை.

ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தாத குறைதான். “அழிக்காதம்மா. கட்டிப் பாரு,” என்றார். சிவப்பு, கறுப்பு, சிவப்பு ரெசிஸ்டர், அதாவது 2 கிலோ ஓம், நான்கை எடுத்தேன். நடுக் கிளைக்கு இரண்டைத் தொடராகப் போட்டேன். ஒரு பக்கம் 12 வோல்ட் அடாப்டர், மறுபக்கம் ரீசார்ஜ் பேட்டரி ஐந்து, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். மீட்டரைக் கரண்ட் முனைக்கு மாற்றி வலப்பக்கக் கிளையில் தொடராகச் செருகினேன். திரையில் மைனஸ் 0.58. மீட்டரே மைனஸ் காட்டுகிறது! கரண்ட் பேட்டரியிலிருந்து வெளியே வரவில்லை, பேட்டரிக்குள் போகிறது. நடுப் புள்ளி 7.2இல் நிற்கும்போது 6 வோல்ட் பேட்டரி அங்கே எப்படித் தள்ளும்? அது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. “நீ போட்ட அம்பு எதிர்ப்பக்கம் பாக்குது, அவ்வளவுதான். கணக்கு உனக்கு உண்மையைச் சொல்லுது, நீதான் அழிச்சிட்டிருந்த,” என்றார். அன்றிலிருந்து அம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தைரியமாகப் போடுகிறேன்.

மூன்றாவது மாதம் தெவனின் தேற்றம். இதற்காகவே இந்த வகுப்புக்கு இரண்டு மடங்கு காசு கொடுக்கலாம். தெவனின் பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர், 1883இல் இதை வெளியிட்டார். எத்தனை பேட்டரி, எத்தனை ரெசிஸ்டர் பின்னிக் கிடந்தாலும், இரண்டு முனையிலிருந்து பார்த்தால் அது ஒரே ஒரு வோல்டேஜும் ஒரே ஒரு தடையும்தான். வரியைப் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், கணக்கில் கை ஓடாது. ஐயா கணக்குக்குப் போகவில்லை. பவர் சப்ளையைச் சரியாக 9 வோல்ட்டில் வைத்தார். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகக் கட்டச் சொன்னார். நடுவில் எவ்வளவு இருக்கும்? எல்லோரும் ஒரே குரலில் 4.5 என்றோம். என் டிஜிட்டல் மீட்டரில் 4.28 வந்தது. சரி, சின்ன வித்தியாசம். பிறகு ஐயா தன்னுடைய பழைய முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்து அதே இடத்தில் தொட்டார். முள் 1.3 பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

ஒரே சர்க்கிட், ஒரே புள்ளி, மூன்று விடை. எது சரி? கடைக்குள் ஒரே சத்தம். ஐயா முள் மீட்டரைத் திருப்பி, டயலின் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம். 10 வோல்ட் ரேஞ்சில் மீட்டரே 200 கிலோ ஓம் ரெசிஸ்டர். என் டிஜிட்டல் மீட்டர் 10 மெகா ஓம். அந்த நடுப் புள்ளியிலிருந்து பார்த்தால் எங்கள் சர்க்கிட் 4.5 வோல்ட்டும் அதற்குப் பின்னால் 500 கிலோ ஓமும் (1 மெகா ஓம் இரண்டும் அங்கிருந்து பக்க இணைப்பாகத் தெரியும்). 4.5ஐ 200க்கும் 500க்கும் பங்கு போட்டால் மீட்டருக்குக் கிடைப்பது 1.29. தாளில் போட்ட எண்ணும் முள் நின்ற இடமும் ஒன்றாக இருந்தன. அளக்கப் போகும் கருவியும் சர்க்கிட்டில் ஓர் ஆள்தான் என்பது 17 வருஷம் மீட்டர் பிடித்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதோடு விடவில்லை. “தோட்டத்துல இருந்தவங்க யாரு?” என்று கேட்டார். நானும் இன்னும் மூன்று பேரும் கை தூக்கினோம். எங்கள் தோட்டத்தில் சாயங்காலம் 6 மணிக்கு ஜெனரேட்டர் போடுவார்கள், 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீடு லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கடைசி வீடு. படித்துக்கொண்டிருக்கும்போது பல்பு திடீரென்று மங்கும், அம்மா அடுப்படியிலிருந்தே, “யாரோ பெட்டி போட்டுட்டாங்க,” என்பார். இஸ்திரிப் பெட்டியைத்தான் சொல்வார். ஐயா பலகையில் 240 வோல்ட் எழுதினார் (இப்போது நாட்டில் 230 வோல்ட், அப்போது 240 கணக்கு). லயத்துக்கு வரும் பொது வயருக்கு 2 ஓம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மொத்த லயமும் 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 20 வோல்ட் விழுந்துவிடும், வீட்டுக்கு மீதி 220. 20 ஆம்பியர் இழுத்தால் 200. தள்ளிப் போகப் போக வயர் நீளம், தடை அதிகம், கடைசி வீடுதான் அதிகம் மங்கும். நான் நோட்டில் எழுதாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஓம் விதி தெரியாது. ஆனால் மங்கலைப் பார்த்தே எங்கோ யாரோ அதிகமாக இழுக்கிறார்கள் என்று சரியாகச் சொல்லியிருக்கிறார். அன்று இரவு போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன்.

கெப்பாசிட்டர் பாடமும் கையால்தான். 10 கிலோ ஓம் வழியாக 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 9 வோல்ட்டில் சார்ஜ் பண்ணினோம். பத்து வினாடியில் 5.7 வோல்ட் ஏறவேண்டும், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம், ஏறியது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சர்க்கிட் இந்த வகுப்பின் பலவீனம். ஏசி அளவுகளை அம்புக்குறியாக வரையும் ஃபேசருக்கு மூன்று சனிக்கிழமைதான் கொடுக்கிறார், அது போதவே போதாது. 3 ஓம் தடையும் 4 ஓம் ரியாக்டன்ஸும் (ஏசியில் காயிலோ கெப்பாசிட்டரோ காட்டும் எதிர்ப்பு) தொடராகச் சேர்ந்தால் 5 ஓம், 53 டிகிரி என்று அம்புக்குறி போட்டு அழகாகக் காட்டுகிறார். ஆனால் இரண்டு கிளை பக்க இணைப்பில் வந்ததும் கையால் மாற்றி மாற்றி எழுதவே நேரம் போய்விடுகிறது. கேசியோ 570 கால்குலேட்டரில் கலப்பெண் மோட் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் கல்லூரித் தோழி ஒருத்தியிடம்தான் கற்றுக்கொண்டேன். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்றே ஒன்று, ஒன்பது பேர் முறை வைத்துப் பார்க்கவேண்டும். குறிப்புகள் கையெழுத்து நகல், சில பக்கம் மங்கலாக இருக்கும். மழை அடித்தால் கூரைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஏர்கான் கிடையாது, கடையில் இருக்கும் விசிறிகளில் ஓடுகிறது எதுவோ அதுதான்.

பெண்களுக்காக ஒன்று. முதல் இரண்டு மாதம் நான் ஒருத்திதான். இப்போது இரண்டு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். கடைக் கழிவறையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், மேல்மாடி வீட்டில் ஐயாவின் மனைவி இருக்கிறார், தயங்காமல் போகலாம். 4 மணிக்கு அவர்தான் கோப்பியும் சூடாகப் பிசாங் கோரேங்கும் (பொரித்த வாழைப்பழம்) இறக்கித் தருவார், அதற்குத் தனிக் காசு இல்லை.

இரண்டாவது டெஸ்டில் 68 எடுத்தேன், இறுதியில் பி கிடைத்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து பழைய கேள்வித்தாளுக்கு விடை மட்டும் கேட்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. ஐயா நேரத்தை எடுத்துக்கொண்டுதான் சொல்வார், விடையைவிட நீங்கள் எங்கே அம்பு போட்டீர்கள் என்றுதான் பார்ப்பார். செமஸ்டர் தொடங்கும்போதே சேர்ந்துவிடுங்கள்.

மீட்டர் வாங்கும்போது பியூஸ் மாற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது வாரமே கரண்ட் முனையில் வயரை வைத்துக்கொண்டு நேராகப் பேட்டரியைத் தொட்டு என் பியூஸைப் போக்கிவிட்டேன். ஐயாவிடம் ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும். கடை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: சனிக்கிழமை 2 மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கடை மூடிவிட்டது என்று திரும்பிப் போய்விடாதீர்கள், குனிந்து உள்ளே போங்கள்.