நிலவறை ஈரம்: எக்ஸாஸ்ட் மின்விசிறியா, ஈரப்பத நீக்கியா?

நிலவறைக் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை மூக்கில் ஏறினால், பலரும் முதலில் மாட்டுவது எக்ஸாஸ்ட் மின்விசிறி. செலவு குறைவு, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் நன்றாகவே உதவும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பருவத்திலோ அதுவே பகையாகிறது. மின்விசிறி உள்காற்றை வெளியே தள்ள, அதற்கு ஈடாக உள்ளே வரும் ஈரமான வெளிக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு முத்து முத்தாக நீர் கோக்கிறது. அட்டைப்பெட்டியைத் தூக்கினால் ஊறிய அடிப்பாகம் கையோடு பிய்ந்து வருகிறது.

என் தேர்வு, காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கித் தன் தொட்டியில் சேர்க்கும் ஈரப்பத நீக்கிதான். மின்கட்டணம் கூடும், தொட்டி நீரை அவ்வப்போது கொட்ட வேண்டும். ஆனாலும் கதவை மூடிவைத்து, ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி நிறுத்தினால் பூஞ்சை படர்வது அரிது.

வாங்கும் முன், சுவரில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி 2 நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியே வருகிறது. முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.