கத்தியைக் குறை சொல்லும் முன் பலகையைப் பாருங்கள்

புதுக் கத்தி வாங்கிச் சில மாதங்களிலேயே தக்காளித் தோல் வழுக்க ஆரம்பித்தால், பழி கத்தி மேல்தான் விழும். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் கத்தி காயைத் தாண்டிப் போய் இடிப்பது பலகையில்தான். ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி முடிப்பதற்குள் கத்தியின் வாய் எத்தனை தடவை பலகையைத் தொடுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அதனால்தான், எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பலகையைப் பற்றிப் பேசுகிறேன்.

கண்ணாடி, பளிங்கு, கிரானைட் பலகைகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பார்க்க அழகு, கறை பிடிக்காது, கழுவுவதும் சுலபம், எல்லாம் சரி. ஆனால் அவை கத்திக்குத் துளியும் இடம் கொடுப்பதில்லை. மெல்லிய வாய் மடங்கிப்போகும். அந்தக் கிரீச் சத்தமே விஷயத்தைச் சொல்லிவிடும். பீங்கான் தட்டிலேயே வைத்து அரிவதும் இதே கதைதான். பளிங்குப் பலகை வீட்டில் இருந்தால் மாவு உருட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

மரமா, பிளாஸ்டிக்கா?

உண்மையான போட்டி இங்கேதான். மரம் ஈரத்தை உறிஞ்சும், அதனால் கிருமி தங்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மரப் பலகையில் விட்ட பாக்டீரியா ஈரத்தோடு உள்ளே இழுக்கப்பட்டது. மேற்பரப்பில் இருந்து அதைத் திரும்ப எடுப்பதே கடினமாக இருந்தது. புது பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்வது எளிதாக இருந்தது. ஆனால் கத்திக் கீறல்கள் விழுந்த பழைய பிளாஸ்டிக்கைக் கையால் தேய்த்துக் கழுவினாலும் கிருமி முழுதாகப் போகவில்லை.

மரத்தைக் கழுவாமல் விடலாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பயத்தால் மரத்தை ஒதுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக்குக்கும் அதற்கான இடம் உண்டு. எடை குறைவு, விலை குறைவு, டிஷ்வாஷரில் போடலாம். பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பலகை வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு வாசனையில்லாத குளோரின் பிளீச் கலந்து அதன்மேல் ஊற்றி, சில நிமிடம் விட்டு அலசினால் போதும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீறல்களில் நகம் மாட்டினால் அந்தப் பலகையின் காலம் முடிந்தது. கத்தி சுரண்டும் பிளாஸ்டிக் துகள் நறுக்கிய காயோடு கலக்கிறது என்பதும் எனக்கு உறுத்தலான விஷயம். அதனால் அன்றாடக் காய்கறிக்கு நான் மரத்தின் பக்கம்தான்.

மரத்திலும் இரண்டு வகை. ரேகைகள் நீளவாக்கில் ஓடும் பலகை ஒன்று. மரத்துண்டுகளை நிமிர்த்தி ஒட்டியதால், மேலே சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும் பலகை இன்னொன்று. இரண்டாவதில் நாரின் நுனிதான் மேலே இருக்கும். கத்தி நார்களுக்கு நடுவே இறங்கும், எடுத்ததும் அவை மூடிக்கொள்ளும். கத்திக்கு இதைவிட இதமான மரப் பரப்பு கிடையாது. ஆனால் கனம் அதிகம், விலை அதிகம், எண்ணெயும் நிறையக் குடிக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு நீளவாக்குப் பலகையே போதும் என்பது என் எண்ணம். மேப்பிள், வால்நட் மாதிரி நெருக்கமான மரங்கள் நல்லவை. தேக்கு தண்ணீரைத் தாங்கும், ஆனால் அதில் இருக்கும் சிலிக்கா கத்தியைக் கொஞ்சம் சீக்கிரம் மழுக்கும். மூங்கிலிலும் அதே சிலிக்கா உண்டு. போதாக்குறைக்குக் கீற்றுகளை ஒட்டிய பசையும் சேரும். விலைக்குப் பரவாயில்லை, நல்ல கத்திக்கு வேண்டாம்.

இப்போது கத்தி

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். துரு எளிதில் பிடிக்காததன் காரணம் அதுதான். கார்பன் ஸ்டீலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எலுமிச்சையை வெட்டி அப்படியே பத்து நிமிடம் வைத்தால் அலகில் கறை தெரியும். பதிலுக்கு அது சாணைக்கல்லில் சீக்கிரம் கூராகும், கூரும் அருமையாக இருக்கும். நறுக்கிய கையோடு துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கார்பன் ஸ்டீல் ஆயுள் முழுக்க உழைக்கும். சிங்க்கில் போட்டுவிட்டுப் போகிறவருக்கு ஸ்டெயின்லெஸ்தான். பீங்கான் கத்தி துருவே பிடிக்காது, கூரும் வெகுநாள் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும், தீட்ட வைரத் தூள் பதித்த கல் வேண்டும். இரண்டாவது கத்தியாக வேண்டுமானால் சரி.

ஸ்டெயின்லெஸ்ஸிலேயே ஜெர்மன் பாணி, ஜப்பான் பாணி என்று ஒரு பிரிவு உண்டு. ஜெர்மன் கத்திகளின் கடினம், உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56, 58 என்ற பக்கம் நிற்கும். ஜப்பான் கத்திகள் பலவும் 60-ஐத் தாண்டும். கடினம் கூடினால் ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரி சாய்வு வரை மெல்லிசாகத் தீட்டலாம், கூரும் நிலைக்கும். ஆனால் எலும்பிலோ உறைந்த உணவிலோ பட்டால் வாய் சில்லு சில்லாகத் தெறித்துவிடும். ஜெர்மன் எஃகு மடங்குமே தவிர உடையாது. மடங்கியதை ஹோனிங் ராட் எனப்படும் எஃகுக் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் நேராகும். முதல் கத்திக்கு 20 செ.மீ. அளவில் ஜெர்மன் பாணிக் கத்தி ஒன்றைச் சொல்வேன்.

ஒன்று கவனியுங்கள்: அந்தக் கம்பி மடங்கிய வாயை நிமிர்த்துமே ஒழிய, மழுங்கியதைத் தீட்டாது. அதற்குச் சாணைக்கல்தான் வேண்டும். 1000 கிரிட் கல் ஒன்று வீட்டுக்குப் போதும் (கல்லின் துகள் எவ்வளவு நுண்ணியது என்பதைச் சொல்லும் எண்தான் கிரிட்). ஒரு பக்கத்தை ஒரே சாய்வில் தேய்த்துக்கொண்டே வந்தால், எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி விரலை மெல்ல வெளியே வருடினால் தட்டுப்படும்; ஒருபோதும் வாயின் நீளத்தில் விரலை ஓட்ட வேண்டாம். பிசிர் நுனி முதல் அடி வரை வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். தீட்டியும் கூர் வரவில்லை என்பவர்கள் அநேகமாக இதற்கு முன்பே திருப்பிவிடுகிறார்கள்.

பலகைப் பராமரிப்பில் நான் இழந்த பலகை ஒன்று உண்டு. கழுவி, ஈர மேடையில் அப்படியே படுக்கப் போட்டு வைப்பேன். ஒரு பக்கம் ஈரமாக இருக்கும், ஒரு பக்கம் காய்ந்துபோகும். சில வாரங்களில் வளைந்து, நறுக்கும்போது ஆட ஆரம்பித்தது. ஆடும் பலகை கைக்கு ஆபத்து. இப்போது இரண்டு பக்கமும் நனைத்துக் கழுவி, துடைத்து, காற்றுப்படும்படி நிமிர்த்தி வைக்கிறேன். ஊற வைப்பதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முத்தாக நின்றால் சரி, உள்ளே இறங்கி மரம் கறுத்தால் எண்ணெய் போட நேரமாகிவிட்டது. உணவுத் தர மினரல் ஆயிலை (பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுக்கும் நிறமில்லாத எண்ணெய்) தாராளமாகத் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடை வரும்.

அப்புறம், நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளும்போது கத்தியின் வாயால் பலகையை வழிக்காதீர்கள். கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.