வசந்தகால ட்ரௌட்: பீவர்கில்லா, வெஸ்ட் பிராஞ்சா?

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கம் ஃப்ளை ஃபிஷிங் (ஃப்ளை எனும் செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் கோத்து மீன் பிடிப்பது) போகிறவர்களுக்கு ஏப்ரல் பிறந்தாலே, ட்ரௌட் மீனுக்குப் பீவர்கில் ஆற்றுக்குப் போவதா, டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளையான வெஸ்ட் பிராஞ்சுக்குப் போவதா என்ற கேள்வி வந்துவிடும். இரண்டு ஆற்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டு, இப்போது நான் டெலவேரின் வெஸ்ட் பிராஞ்சுக்குத்தான் போகிறேன்.

அழகில் பீவர்கில் ஒரு படி மேல். ரோஸ்கோ ஊரில் வில்லோவீமாக் ஆறு வந்து கலக்கும் ஜங்ஷன் பூல் என்ற மடுவில் நின்றாலே மனசு நிறைந்துவிடும். மீனுக்கு இரண்டிலும் குறைவில்லை.

எனக்கு முடிவு சொன்னது மழைதான். பீவர்கில்லைத் தடுத்து நிறுத்த அணை கிடையாது. பனி உருகினாலும் மழை கொட்டினாலும் சில மணி நேரத்தில் ஆறு ஏறி, பால் காப்பி நிறத்துக்கு மாறிவிடும். தெளிய இரண்டு மூன்று நாளாகும். எனக்குக் கிடைப்பதோ சனி, ஞாயிறு. வியாழன் இரவு பெருமழை என்றால் அந்த வாரம் போச்சு.

வெஸ்ட் பிராஞ்சுக்கு மேலே, நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக 1960-களில் கட்டி முடித்த கேனன்ஸ்வில் அணை இருக்கிறது. சேறு தேக்கத்திலேயே படிந்துவிடுவதால் கீழே வரும் தண்ணீர் பெரும்பாலும் தெளிவு. டெபாசிட் என்ற ஊரில் ஒக்வாகா ஓடை கலங்கலாக வந்து சேர்ந்தாலும், அதற்கு மேலே ஸ்டைல்ஸ்வில் பக்கம் நின்றுகொள்ளலாம். போன மே மாதம் அப்படித்தான் நின்றேன். முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மதியம் இரண்டரைக்கு ஹென்ட்ரிக்சன் பூச்சிகள் சாம்பல் நிற இறக்கையைப் பாய்மரம்போல் நிமிர்த்தியபடி மிதந்து வந்தன. கரையோர வேர் ஒன்றின் கீழே ஒரு மீனின் மூக்கு சத்தமில்லாமல் எழும்பி அமிழ்ந்தது. 14-ஆம் நம்பர் அளவு ஃப்ளையை மூன்றாவது முறை மிதக்கவிட்டபோது எடுத்தது, நல்ல பழுப்பு ட்ரௌட்.

இங்கேயும் சிக்கல் உண்டு. அணை நிரம்பி வழிந்தால் ஆற்றில் நிற்க முடியாதபடி ஓட்டம் ஏறிவிடும், தெளிவு இருந்தும் பயனில்லை. வெள்ளி இரவே நீரோட்ட அளவைப் பார்த்துவிடுவேன். நொடிக்கு 1,000 கன அடியைத் தாண்டினால் இறங்க மாட்டேன். படகு வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. அப்புறம், அணையின் அடியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் சில்லென்று இருக்கும். ட்ரௌட் தின்னும் ஹென்ட்ரிக்சன் பூச்சிகள் நீரிலிருந்து வெளிவர, தண்ணீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். வெயில் பட்டு மதியத்துக்குள் சூடேறும் பீவர்கில்லில் அவை முந்தி வெளிவந்துவிடும்.

பீவர்கில்லில் எனக்கு மூன்று வசந்தத்துப் பழக்கம்தான், அதுவும் ரோஸ்கோவுக்குக் கீழே மட்டும். ஆனாலும் ஏப்ரல் கடைசியில் மழையில்லாத வாரம் அமைந்தால் நானே அங்கேதான் போவேன். காலையில் அவசரப்பட வேண்டாம், மதியம் ஒரு மணிக்குள் ஆற்றில் நின்றால் போதும்.