நுரை உறையிட்ட கிட்டார் ஸ்டாண்டு: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பெட்டிக்குள் இருக்கும் கிட்டார் பத்திரமாக இருக்கும்; ஆனால் அதை யாரும் வாசிப்பதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கருவியை வெளியே எடுத்துச் சுருதி சேர்ப்பதற்குள் கிடைத்த பத்து நிமிட ஓய்வு தீர்ந்துவிடுகிறது. அதனால் நானும் பலரைப் போலவே கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்கப் பழகினேன். ஒரு மாலையில் அது சுவரோரமாகவே வழுக்கி, தலைப்பகுதி முதலில் தரையில் மோதும்படி விழுந்தது. கழுத்தும் ஹெட்ஸ்டாக் எனப்படும் அந்தத் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் கண்டது. பழுது நீக்குபவர் அதில் பசையை ஊட்டி, இறுக்கிப் பிடித்து ஒட்டித் தந்தார். அதன் பிறகுதான் இந்த ஸ்டாண்டை வாங்கினேன்.

விழுந்தது பின்னோக்கிச் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உடைய எலக்ட்ரிக் கிட்டார். இந்த வகையில் கழுத்து உடைவது ஏன் அடிக்கடி நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஸ்டாண்டிடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் போன்ற கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பெரும்பாலும் 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்து ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுவதால் அந்தச் சாய்வில் மரத்தின் நார்கள் நீளவாக்கில் தொடராமல் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகுவதற்கான குழியும் அதே இடத்தில் அமைவதால் அங்கே மரம் மேலும் மெலிந்துவிடுகிறது. இவற்றோடு, மெல்லிய கம்பிகள் பூட்டிய எலக்ட்ரிக் கிட்டாரில்கூடக் கம்பிகள் ஏறத்தாழ 45 கிலோ விசையுடன் ஹெட்ஸ்டாக்கை முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சாய்வில்லாத ஹெட்ஸ்டாக் உடைய ஃபெண்டர் வகைக் கிட்டார்கள் இதே வீழ்ச்சியைப் பெரும்பாலும் ஒரு கீறலோடு தாங்கிவிடும். ஆகவே ஸ்டாண்டின் முதற்கடமை கிட்டாரைக் கீறலிலிருந்து காப்பது அன்று, விழாமல் காப்பது. விளம்பரங்கள் நுரை உறையின் மென்மையைப் பற்றியே பேசுகின்றன. நான் வாங்கும்போது முதலில் பார்த்தது கால்களைத்தான்.

நான் பயன்படுத்துவது எஃகுக் குழாயால் ஆன எளிய ஸ்டாண்டு: விரியும் மூன்று கால்கள், உயரத்தை மாற்றக்கூடிய நடுத்தண்டு, கிட்டாரின் அடிப்பகுதியைத் தாங்கும் இரண்டு கைகள், கழுத்தைத் தாங்க மேலே ஒரு கவை. கைகளின் மீதும் கவையின் உட்புறத்திலும் கறுப்பு நுரை உறை இருக்கிறது. கவையின் வாயை மூட ஒரு சிறிய ரப்பர் பட்டையும் உண்டு. கிட்டாரின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு வரைந்தால் அது மூன்று கால்களின் நுனிகளும் அமைக்கும் முக்கோணத்துக்குள் விழ வேண்டும்; ஓரத்தை நெருங்க நெருங்கச் சிறு தட்டலும் கவிழ்க்கப் போதுமானதாகிவிடும். என் ஸ்டாண்டின் கால்களை இறுதி வரை விரித்துத் திருகை இறுக்கினால் அகலமான அடித்தளம் கிடைக்கிறது. இடம் போதவில்லை என்று நான் ஒருமுறை கால்களைப் பாதி மட்டுமே விரித்து வைத்தேன். அப்போது அதே ஸ்டாண்டு ஒரு விரலின் தள்ளலுக்கே சாய்ந்தது. ஆகவே, ஸ்டாண்டு குறுகிய மூலையில் அடங்கும் என்று எண்ணி வாங்குபவர், கால்கள் முழுவதும் விரிந்த நிலையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது.

தண்டின் உயரத்தை அமைப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். கிட்டாரின் எடை கீழே உள்ள கைகளில்தான் இறங்க வேண்டும். கவை கழுத்து பக்கவாட்டில் நழுவாமல் தடுத்தால் போதும். கவையை மிகத் தாழ்வாக வைத்தால் கிட்டாரின் மேற்பாதி பிடிமானமின்றி ஆடும். ஹெட்ஸ்டாக்கைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு உயர்த்தினாலோ கருவியின் அடி கைகளில் சரியாக அமராது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் கட்டையான நட்டுக்குச் சற்றுக் கீழே, முதல் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) ஒட்டிய இடத்தில் கழுத்தின் பின்புறம் கவையில் படுமாறு அமைத்தால், சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீகளையும் அது தொடாது. கிட்டார் இலேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். செங்குத்தாக நிறுத்தினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் முன்பக்கம் விழுவதற்கு அது பாதி தயாராகிவிட்டது என்று பொருள்.

என்னிடம் உள்ள கிட்டார்களை இதில் வைத்துப் பார்த்தேன். எஃகுக் கம்பி பூட்டிய, டிரெட்நாட் எனப்படும் பெரிய உடல் வடிவ அக்கூஸ்டிக் கிட்டார் இதில் மிக நன்றாக உட்காருகிறது. அந்த வடிவத்தின் உடல் அடிப்பகுதியில் ஏறத்தாழ 40 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் கொண்டது, கைகள் அந்த ஆழத்தைத் தாண்டிச் சற்று நீண்டு, நுனியில் மேல்நோக்கி வளைந்திருப்பதால் முன்னால் நழுவ வழியில்லை. திண்ம உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரின் தடிமன் 4.5 செ.மீ. அளவே என்பதால், அதே கைகளில் அது முன்னும் பின்னும் நகர்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் இடம் இருக்கிறது. பின்புறம் ஒட்டி வைத்தேனா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது. லெஸ் பால் வகையில் 4 கிலோவைத் தாண்டும் எடையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே எலக்ட்ரிக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு நீண்ட கைகள் தேவையில்லை.

கடையில் நின்று பார்க்கும்போது கண்ணில் படாத இன்னொரு சிக்கல் உண்டு. மின்னிணைப்புள்ள அக்கூஸ்டிக் கிட்டார்கள் பலவற்றில் கேபிள் செருகும் துளை அடிப்பகுதியின் நடுவில், தோளில் மாட்டும் பட்டைக்கான குமிழோடு சேர்ந்தே இருக்கும். இரு கைகளுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாவிட்டால் கிட்டாரின் முழு எடையும் அந்தக் குமிழின் மீது இறங்கும். கேபிளைச் செருகியபடியே வைத்தால் அதன் தலைப்பு தரையிலோ குழாயிலோ முட்டி, உள்ளே உள்ள பகுதியை வளைத்துவிடவும் கூடும். லெஸ் பால் வகையில் துளை கீழ் விளிம்பின் பக்கவாட்டில் இருப்பதால் ஒரு கை நேராக அதன் மீதே அழுந்தும் வாய்ப்பும் உண்டு. ஃப்ளையிங் வி போன்ற வடிவங்களுக்கு இந்த ஸ்டாண்டு உதவாது என்பதை விளக்கத் தேவையில்லை. கவட்டையாகப் பிரிந்து முடியும் உடலை இரண்டு கைகளில் நிறுத்த முயல்வதே வீண்.

இனி நுரைக்கு வருவோம். நான் அதிகம் தயங்கியதும் அதிகம் படித்ததும் இதைப் பற்றித்தான். கிட்டாரின் மேல் பூசப்படும் மெருகு எல்லாவற்றிலும் ஒன்றல்ல. இன்று விற்கப்படும் பெரும்பாலான கிட்டார்களில் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் மெருகு இருக்கும். அது உலரும்போது வேதிப்பிணைப்புகளால் பின்னிக்கொண்டு இறுகிவிடுவதால் ஸ்டாண்டின் உறையால் எளிதில் பாதிக்கப்படுவதில்லை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக நைட்ரோ) என்ற மெருகு அப்படிப்பட்டதன்று. அது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் உரிய பொருள் பட்டால் மீண்டும் இளகும் தன்மை அதற்கு உண்டு. ஸ்டாண்டு உறைகளில் பயன்படும் பிவிசி, சிலவகை ரப்பர்கள், நுரைகள் ஆகியவற்றில் அவற்றை மென்மையாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்படும் நெகிழ்வூட்டிகள் மெல்ல மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் லாக்கருக்குள் புகுந்துவிடுகின்றன. லாக்கர் அந்த இடத்தில் பிசுபிசுக்கும், நிறம் மங்கும், சில நேரம் உறையின் அச்சு அப்படியே பதிந்துவிடும். துடைத்தால் போகும் அழுக்கல்ல இது. ஒரு நல்ல செய்தி, புதிதாகப் பூசும் நைட்ரோ பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடுவதால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். ஆனால் அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கிப்சன் இன்றும் நைட்ரோவையே பயன்படுத்துகிறது. ஃபெண்டர் 1960களின் இறுதியில் பாலியெஸ்டருக்குப் பெருமளவில் மாறிவிட்டாலும், பழைய மாதிரிகளை மறுபடைப்பாகச் செய்யும் அதன் சில வரிசைகளில் நைட்ரோ உண்டு. கையால் செய்யப்படும் கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் பூசப்படும் ஷெல்லாக் மெருகு இதைவிடவும் நொய்யது. வெப்பமும் நீண்ட நேர அழுத்தமும் அதில் தடம் பதிக்கும். எனவே ஸ்டாண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் தம் கிட்டாரில் என்ன மெருகு என்பதைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்வது கட்டாயம். ஸ்டாண்டின் அட்டையில் "அனைத்து மெருகுகளுக்கும் பாதுகாப்பானது" என்று எழுதியிருந்தாலும், நைட்ரோவின் பெயரைக் குறிப்பிட்டு உறுதியளிக்கிறார்களா என்று தேடுவது என் வழக்கம். நான் வாங்கிய ஸ்டாண்டின் அட்டையில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு சிறு துண்டு நுரையை மறைவான இடத்தில் ஒட்டிச் சோதித்துப் பார்க்கலாம் என்பவர்கள் உண்டு. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நிகழும் ஒன்றை இரண்டு நாள் சோதனையில் அறிய முடியாது என்பதால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. நுரையின் மேல் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றுவது ஓரளவு உதவும். சாயம் ஒட்டும் வண்ணத் துணி வேண்டாம். ஆனால் மெல்லிய துணியைக் கடந்தும் நெகிழ்வூட்டி வரக்கூடும் என்பதால் அதை முழுத் தடுப்பாக நான் கருதவில்லை. ஒட்டுப் போட்ட அந்தப் பழைய கிட்டாரில் பூசியிருப்பது நைட்ரோதான். அதை வாசிக்கும் நேரத்தில் இடையிடையே ஒரு சில நிமிடங்கள் மட்டும் துணி சுற்றிய ஸ்டாண்டில் வைக்கிறேன்; இரவில் அது பெட்டிக்குத் திரும்பிவிடுகிறது. கழுத்தைத் தாங்கும் கவைதான் மெருகைத் தொடும் இடங்களில் பலரும் மறந்துவிடுவது. கழுத்தின் பின்புறம் வாசிப்பவரின் கை ஓயாமல் படும் பகுதி என்பதால், அங்கே ஏற்படும் பிசுபிசுப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

மற்ற வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவையோ தண்டோ இல்லாமல் ஆங்கில ஏ எழுத்துப் போல விரியும் மடக்கு ஸ்டாண்டு தூக்கிச் செல்ல வசதியானது. கழுத்துக்குப் பிடிமானம் இல்லாததால் குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹெர்க்குலிஸ் நிறுவனத்தின் ஸ்டாண்டுகளில் உள்ளது போல, கிட்டாரை மாட்டியதும் அதன் எடையாலேயே இரு விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும் தொங்கு வகை விழாமல் காப்பதில் என்னுடையதைவிட மேலானது. என் ஸ்டாண்டின் ரப்பர் பட்டையை நாமே மாட்ட வேண்டும். அவசரத்தில் மாட்ட மறந்த நாட்கள் பல.

ஸ்டாண்டை எங்கே வைக்கிறோம் என்பதும் அதைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமானது. மக்கள் நடக்கும் வழி, கதவு திறக்கும் வீச்சு, நேர் வெயில் விழும் சன்னல், குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடம் ஆகியவை ஆகா. முழு மரப்பலகையால் ஆன அக்கூஸ்டிக் கிட்டார்களுக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது நல்லது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பெட்டி தரும் காப்பு ஸ்டாண்டில் கிடையாது என்பதால் அறையில் ஒரு சிறு ஈரப்பதமானியை வைத்திருக்கிறேன். முள் கீழே இறங்கும் நாட்களில் டிரெட்நாட்டையும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். தோளில் மாட்டும் பட்டையைக் கிட்டாரிலிருந்து கழற்றாமல் வைத்தால் அது தரையில் தொங்கி யார் காலிலாவது சிக்கும். செருகிய கேபிளும் அப்படித்தான். மின்கலத்தால் இயங்கும் பிக்கப் (கம்பிகளின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் கருவி) உள்ள கிட்டார்களில் கேபிள் செருகியிருக்கும் வரை மின்கலம் தீர்ந்துகொண்டே இருக்கும் என்பது கேபிளைக் கழற்றி வைக்க இன்னொரு காரணம்.

ஒன்றரை ஆண்டில் தெரியவந்த குறைகள் இவை. வலக்கையின் நுரை உறை நுனியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே சுருங்கி, குழாயின் வெற்று முனையை வெளிக்காட்டத் தொடங்கியது. தயாரிப்பாளர் மாற்று உறை தனியாக விற்கவில்லை. பழைய நுரைகள் ஒட்டும் பதத்துக்கு வருவதையும் பொடியாக உதிர்வதையும் வேறு பொருட்களில் பார்த்திருப்பதால், மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கிறேன்; இதுவரை அது நிகழவில்லை. தண்டின் உயரத்தைப் பூட்டும் திருகுக் குமிழ் பிளாஸ்டிக்கால் ஆனது. வாரக்கணக்கில் எடை தாங்கியபின் சிறிது இளகி, தண்டு ஒரு விரலளவு கீழிறங்கியிருப்பதை இரண்டு முறை கண்டேன். ஒரு காலின் ரப்பர்க் குமிழ் கழன்று, வழவழப்பான தரையில் அந்தக் கால் மட்டும் வழுக்கியது. புதிய குமிழை மாட்டும் வரை ஸ்டாண்டில் எதையும் வைக்கவில்லை.

பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் மெருகு உள்ள அக்கூஸ்டிக் கிட்டாரை அன்றாடம் வாசிப்பவருக்கு இந்த வகை ஸ்டாண்டைத் தயக்கமின்றிச் சொல்வேன். எலக்ட்ரிக் மட்டும் உள்ளவர் கைகள் குட்டையான ஒன்றைத் தேடட்டும். நைட்ரோ அல்லது ஷெல்லாக் மெருகு உள்ளவருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மீண்டும் வாங்குவதாக இருந்தால், உலோகத் திருகும் தானாக மூடும் பிடியும் உள்ள ஒன்றையே நான் வாங்குவேன். இப்போதைக்குக் கைநுனியில் வெளித்தெரிந்த குழாயின் மேல் பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்திருக்கிறேன்; டிரெட்நாட் அதில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர்ப் பட்டையும் மாட்டியிருக்கிறது.