வெஸ்டனமர் 8012: டயர் பொடி மேட் போடுகிறவர்களுக்காக ஒரு மதிப்பீடு

குலசேகரம் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் யூனிட்டில் காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, கலக்கும் பொறுப்பு என்னுடையது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற கனமான மேட்தான் எங்கள் முக்கியச் சரக்கு. பாதிக்கு மேல் பழைய டயர் பொடி, மீதி நம்ம ஊர் மரத்துப் பாலில் செய்த ரப்பர் ஷீட். டயர் பொடி ஏற்கெனவே வெந்த ரப்பர். அதை, உருளைகள் சுழன்று பிசைகிற மில்லில் போட்டால் ரோலைச் சுற்றிப் பிடிக்காது, உதிர்ந்து கீழே தட்டில் கொட்டும். அதற்காகப் ரப்பரை இளக்குகிற பிராசஸ் ஆயிலைக் கூட்டினால் மேட் பிசுபிசுக்கும், நாளாக ஆக எண்ணெய் மேலே கசியும். இதற்கு ஒரு வழி தேடித்தான் எவோனிக் கம்பெனியின் வெஸ்டனமர் 8012 வாங்கினோம்.

வெள்ளை மணிகளாக வருகிறது. மில் ஓட்டுகிற மாமா கையில் எடுத்துப் பார்த்து, "இதென்ன மக்ளே, மெழுகுத் துண்டு மாதிரில்லா இருக்கு, இதா ரப்பர்?" என்றார். ரப்பர்தான். ஆனால் சுமார் 54 டிகிரியில் உருகிவிடும். உருகியபின் தேன் போல இளகி ஒவ்வொரு பொடியையும் நனைக்கும், ஆறினால் மறுபடி இறுகும். அதனால் ரோலை முதலில் நன்றாகச் சூடாக்குங்கள். குளிர்ந்த ரோலில் மணி மணியாகவே தெறிக்கும், கலக்காது. சூடான ரோலில் ஷீட்டையும் இதையும் முதலில் சேர்த்து, பிறகு பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் ஒரே படலமாக ரோலைச் சுற்றி வருகிறது. வெட்டி எடுத்த காம்பவுண்டு ஆறியதும் விறைப்பாக நிற்பதால் அச்சில் வைப்பதும் சுலபம். மேட்டின் ஓரம் உதிர்வது எங்களுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இது எண்ணெய் போல வெறுமனே இடையில் கிடக்கிற பொருள் இல்லை. நான் இதை விரும்புவதற்குக் காரணமே அதுதான். இதன் மூலப்பொருள் சைக்ளோஆக்டீன், 8 கார்பன் கொண்ட வளையம், அதில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. உலோக வினையூக்கி அந்த இரட்டைப் பிணைப்பில் வளையத்தைத் திறந்து, அடுத்த வளையத்தோடு கோத்துக்கொண்டே போகிறது. உலோகமும் கார்பனும் சேர்ந்து நான்கு அணு வளையம் ஒன்று உருவாகி உடைவதால் இது நடக்கிறது என்று 1971-இல் சொன்னவர் பிரான்சின் ஷோவான். 2005 வேதியியல் நோபலை கிரப்ஸ், ஷ்ராக் இருவரோடு அவர் பகிர்ந்துகொண்டார். திறக்கும்போது இரட்டைப் பிணைப்பு அழிவதில்லை, சங்கிலியில் 8 கார்பனுக்கு ஒன்றாக அப்படியே மிஞ்சுகிறது. ஆகவே சூட்டில் அழுத்தி வேகவைக்கிற பிரெஸ்ஸில், ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிற கந்தகம் இதையும் பிடித்துக்கொள்ளும், மேட்டிலேயே ஒரு பங்காகிவிடும். கந்தகத்தைக் கணக்குப் போடும்போது இதையும் ரப்பராகவே எண்ண வேண்டும்.

நம் மரத்துப் பால் தருவது சிஸ் அமைப்பு, அதாவது சங்கிலி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகப் போகும், அதனால்தான் அது அவ்வளவு மென்மை. இதில் ஏறத்தாழ 80 சதவீதம் டிரான்ஸ், அதாவது எதிரெதிர்ப் பக்கமாகப் போவது. அந்தப் பகுதிகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாவதால்தான் ஆறியபின் விறைக்கிறது. நீண்ட சங்கிலிகளோடு பெரிய வளைய மூலக்கூறுகளும் இதில் கணிசமாக உண்டு, உருகினால் இவ்வளவு இளகுவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது.

குறை என்றால் முதலில் விலை. இறக்குமதிச் சரக்கு, ஷீட்டோடு ஒப்பிடவே முடியாது. நூறு பங்கு ரப்பருக்கு 5 முதல் 10 பங்குக்குள் நிறுத்தினால்தான் மேட்டுக்குக் கட்டுப்படியாகும். அடுத்தது, கடினம் கொஞ்சம் ஏறும். பலூன், கையுறை போல மெத்தென்று இருக்க வேண்டிய பொருளுக்கு இது ஆகாது. பையை நிழலில் வையுங்கள், நம்ம ஊர்த் தகரக் கூரையின் சித்திரை வெயில் இதற்கு ஆகவே ஆகாது.

எனக்கு இன்னொரு ஏக்கம் உண்டு. இது முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே, உலோகத்தோடும் சிலிக்காவோடும் ஒட்டக்கூடிய கை எதுவும் இதில் இல்லை. தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் படகுக்கு ஃபெண்டர், அதாவது மோதலைத் தாங்கும் ரப்பர் தடுப்பு, கேட்டு வருகிறார்கள். இரும்புத் தகட்டோடு ரப்பரை ஒட்ட, தனியாகப் பசை அடித்துக் காயவைத்துத்தான் செய்கிறோம், உப்புத் தண்ணீரில் முதலில் விட்டுப்போவதும் அந்த இடம்தான். சங்கிலியிலேயே ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) போன்ற தொகுதிகள் தொங்கினால் அந்த ஒட்டு எவ்வளவு உறுதியாகும்! டங்ஸ்டன் வகைப் பழைய வினையூக்கிகளுக்கு ஆக்சிஜன் உள்ள தொகுதிகள் நஞ்சு. கிரப்ஸின் ருத்தீனியம் வினையூக்கியோ அவற்றை விட்டுவிட்டு இரட்டைப் பிணைப்பைத் தேடிப் போகும். ஹைட்ராக்சில் தொங்கும் சைக்ளோஆக்டீனையே அவரது குழு 1995-இல் இந்த முறையில் பாலிமராக்கிக் காட்டிவிட்டது. ஆனால் ருத்தீனியம் விலை உயர்ந்த உலோகம், பாலிமரில் மிஞ்சுவதைப் பிரித்தெடுப்பதும் வேலை. டன் கணக்கில், எங்களைப் போன்ற யூனிட் வாங்குகிற விலையில் அப்படி ஒரு மணி வந்தால் முதல் பை எங்களுக்குத்தான்.

டயர் பொடி பாதிக்கு மேல் போடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெறும் ஷீட்டில் மேட் போடுகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. சின்ன யூனிட்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பையைப் பங்கிட்டுக்கொண்டால் முதல் சோதனைக்குக் கை கடிக்காது.